கிருமிக்குக் கிருமி கண்ட டெரேல்

அறிவுநூற் பெரியார் சிலருடைய புகழ் அவர்கள் கண்ட உண்மைகளாலேயே நிலைபெறுகின்றது. வேறு சிலருடைய வரலாறோ, அவர்கள் கண்ட உண்மையோடு அவர்கள் கொண்ட பிழையையும் உடன்வைத்து நோக்கும்போதுதான் நமக்கு முழுப் பயனைத் தருகின்றது. பாக்டீரியாக்களைக் கொல்லும் வைரஸ்களை ஆராய்ந்து அவற்றுக்குப் பாக்டீரியோபேஜ் எனப் பெயரிட்ட பெலிக்ஸ் டெரேல் என்பார் இவ்விரண்டாம் வகையினர். அவர்தம் சரிதத்தைச் சுருங்கக் கூறி, அவர் மறைந்தபின் அவ்வைரஸ்களின் மரபணுத்தொகுதிகளை ஒப்புநோக்கிய அறிஞர்கள் அவருடைய கொள்கையை எவ்வாறு திருத்தினர் என்பதையும் ஈண்டு எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

இளமையும் அலைவும்

டெரேல் 1873-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 25-ந் தேதி பாரிஸ் மாநகரிற் பிறந்தார். அவர் கானடா தேசத்து மான்ட்ரீல் நகரிற் பிறந்தவர் என்றே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. அவரும் அவ்வாறே கூறிவந்தார். பிற்காலத்தில் பதிவேடுகளைத் துருவி ஆராய்ந்தவர்களே உண்மையை வெளிப்படுத்தினர். அவர் எந்தச் சர்வகலாசாலையிலும் முறைப்படி கற்று வைத்தியப் பட்டமோ விஞ்ஞானப் பட்டமோ பெற்றவரல்லர். நூல்களைத் தாமே பயின்று, கானடாவில் தம் வீட்டிலேயே ஒரு சிறு ஆராய்ச்சிசாலை அமைத்து, நுண்ணுயிர்நூலைத் தமக்குத் தாமே ஆசிரியராய் நின்று கற்றார்.

கற்றதைக் கொண்டு பிழைக்க வேண்டிய நிலையும் அவருக்கு இருந்தது. மேபிள் மரத்தின் பாகைப் புளிக்கவைத்து மது வடிக்கும் முறையை ஆராய்ந்தார். சகோதரரோடு கூடித் தொடங்கிய சாக்லேட் தொழிற்சாலை நொடித்துப் போயிற்று. பின்னர் 1901-ம் ஆண்டில் மனைவி மக்களுடன் மத்திய அமெரிக்காவிலுள்ள குவாட்டிமாலா தேசத்துக்குச் சென்று, அந்நாட்டு மருத்துவசாலையில் பாக்டீரியா ஆராய்ச்சியாளராக அமர்ந்தார். 1907-ல் மெக்சிகோவை அடைந்து, நார்க்கற்றாழைக் கழிவிலிருந்து சாராயம் எடுக்கும் வழியை நாடினார். அங்கிருந்து பாரிஸுக்கு வந்து, புகழ்பெற்ற பாஸ்டர் நிலையத்தில் ஊதியமின்றித் தொண்டு செய்யவும் இசைந்தார். பட்டமில்லாத ஒருவர்க்கு அவ்வாயிலில் நுழைய வேறு வழி இருந்திலது.

வெட்டுக்கிளியும் தெளிந்த புள்ளியும்

மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில் 1910-ம் ஆண்டில் வெட்டுக்கிளிகள் கூட்டங் கூட்டமாக வந்து பயிரை அழித்தன. அவற்றுள் பல கழிச்சல் கண்டு மடிவதை டெரேல் கண்டார். அந்நோய்க்குரிய பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து வளர்த்துச் செடிகளின்மேல் தூவினால் வெட்டுக்கிளிக் கூட்டத்திடையே நோய் பரவும் என்று துணிந்தார். ஆர்ஜென்டீனா, துனீசியா முதலிய தேசங்கள் அவரை அழைத்து அம்முறையைச் சோதித்தன. பயன் ஓரிடத்திற் கண்டதுபோல் மற்றோரிடத்திற் காணப்படவில்லை. ஆயினும் அவ்வேலையின்போது பாக்டீரியா அடர்ந்து வளர்ந்த கூழின்மேல், சிற்சில இடங்களில் ஒன்றும் வளராத தெளிந்த வட்டப் புள்ளிகளைத் தாம் கண்டதாக அவர் பிற்காலத்தில் எழுதிவைத்தார். அற்பமென்று பிறர் துடைத்தெறியக் கூடிய அப்புள்ளிகளை அவர் மறந்தாரில்லை.

முதல் உலக யுத்தம் நடந்த 1915-ம் ஆண்டில், பாரிஸுக்கு அணித்தான மெசோன் லாபீத் என்னும் ஊரில் தங்கியிருந்த குதிரைப்படை வீரரிடையே சீதபேதி தோன்றியது. டெரேல் நோயாளிகளின் மலத்தைப் பாக்டீரியா நுழைய முடியாத பீங்கான் வடிகட்டியின் வழியே வடித்து, அந்நீரைச் சீதபேதிக் கிருமிகள் வளர்ந்து கலங்கியிருந்த குழம்பில் இட்டார். நோய் தணியத் தொடங்கிய ஒருவனிடத்திலிருந்து பெற்ற நீரை இட்டபோது, மறுநாட் காலையிற் குழம்பு பளிங்குபோல் தெளிந்திருந்தது. கிருமிகள் யாவும் கரைந்தொழிந்தன. தெளிந்த குழம்பின் ஒரு துளியைப் புதிய குழம்பிலிட, அதுவும் தெளிந்தது. அதன் துளி மற்றொன்றையும் தெளிவித்தது. வெறும் நஞ்சாயின் மேன்மேலும் நீர்க்குந்தோறும் வலி குன்ற வேண்டும்; இதுவோ குன்றாது பெருகிற்று. ஆதலின் இது கண்ணுக்குப் புலனாகாத ஓர் உயிர், கிருமியை உண்டு வாழும் கிருமி என்று அவர் முடிவுகட்டினார். உண்ணுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு அதற்குப் பாக்டீரியோபேஜ் எனப் பெயர் சூட்டினார். 1917-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் எமில் ரூ என்னும் பெரியார் வாயிலாக இச்செய்தி பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்துக்கு எட்டியது. இங்கிலாந்தின் டுவோர்ட் என்பார் இதனையொத்த நிகழ்ச்சியொன்றை 1915-லேயே வெளியிட்டிருந்தார். முதற் பெருமை யாருக்கென்ற வழக்கு நெடுநாள் நடந்தது.

இவ்வுயிரை எண்ணவும் டெரேல் வழி கண்டார். வடித்த நீரைப் பதின்மடங்காகவும் நூறுமடங்காகவும் நீர்க்கச் செய்து பாக்டீரியாவோடு கலந்து அகர்க் கூழின்மேற் பரப்பினால், ஒவ்வொரு பேஜும் தான் விழுந்த இடத்தில் ஒரு தெளிந்த புள்ளியை உண்டாக்கும். புள்ளிகளை எண்ணினால் பேஜ்களின் தொகை கிடைக்கும். இன்றும் உலகத்து ஆராய்ச்சிசாலைகளில் இம்முறை கையாளப்படுகின்றது.

பிணி தீர்க்கும் பணி

கிருமியைக் கொல்லும் பொருள் கையிற் கிடைத்தபின் அதனை மருந்தாக்கக் கருதுதல் இயல்பே. 1919-ம் ஆண்டில் பாரிஸ் நகரத்துச் சிறுவர் மருத்துவசாலையில் சீதபேதியால் வருந்திய 12 வயதுச் சிறுவனுக்கு டெரேல் பேஜ் நீரைப் புகட்டினார். தீங்கில்லை என்பதை உறுதிப்படுத்த அந்நீரைத் தாமும் மருத்துவர் சிலரும் முன்னரே பருகிப் பார்த்தனர். சிறுவன் நலமுற்றான். பின்னர் எகிப்து தேசத்தில் துறைமுகச் சுகாதாரப் பணியில் இருந்தபோது, கப்பலில் வந்த பிளேக் நோயாளிகள் நால்வருக்கு 1925-ல் நெறிக்கட்டிகளிலேயே பேஜைச் செலுத்தினார்; நால்வரும் பிழைத்தனர். அதே ஆண்டில் ஆலந்து தேசத்து விஞ்ஞானக் கழகம் அவருக்கு லீவன்ஹூக் பதக்கத்தை அளித்தது. பாஸ்டர் பெருமானுக்கு 1895-ல் கிடைத்த அப்பதக்கம், பட்டமில்லாத இவ்வறிஞரையும் தேடி வந்தது.

நம் நாட்டுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. கங்கை, யமுனை ஆகிய நதிகளின் நீர் வாந்திபேதிக் கிருமியைக் கொல்லுகின்றதென்றும், கொதிக்கவைத்தால் அவ்வாற்றல் நீங்கிவிடுகின்றதென்றும் ஹாங்கின் என்னும் ஆங்கிலேயர் 1896-லேயே எழுதியிருந்தார். அது பேஜின் செயலாகலாம் என்று பின்னோர் கருதினர். 1927-ம் ஆண்டில் டெரேல் இந்தியாவில் வாந்திபேதியை ஆராய்ந்தார். மலோன், லாகிரி ஆகியோர் அவருடன் உழைத்தனர். பஞ்சாப் கிராமங்களில் நோயாளிகளுக்குப் பேஜைக் கொடுத்ததோடு, குடிநீர்க் கிணறுகளிலும் அதனைக் கலந்தனர். இதனைத் தொடர்ந்து அஸ்ஸாம் மாகாணத்திலும் பெருந்தொகையான மக்களுக்குப் பேஜ் வழங்கப்பட்டது. மரணம் குறைந்ததென்று ஒரு சாரார் மகிழ்ந்தனர். பேஜ் பெற்றவரையும் பெறாதவரையும் சரிவர ஒப்பிடவில்லையென்று மற்றொரு சாரார் குறை கூறினர். 1934-ல் அமெரிக்க வைத்திய சங்கத்தின் சார்பில் வெளிவந்த ஆய்வுரையும் இவ்வையத்தையே வலியுறுத்திற்று.

ஒன்றே என்ற உறுதி

இனி டெரேலின் பிழைக்கு வருவோம். சீதபேதிக்கு ஒரு பேஜ், வாந்திபேதிக்கு ஒரு பேஜ், பிளேக்குக்கு ஒரு பேஜ் என அவர் பலவற்றைப் பிரித்தெடுத்தார். எனினும் இவை பல இனங்களல்ல, இனம் ஒன்றே என்று சாதித்தார். அவ்வோர் இனம் தான் சேரும் பாக்டீரியாவுக்கேற்பத் தன்னைப் பழக்கிக்கொள்ளும் என்பது அவர் கொள்கை. உயிர்களுள் மிகத் தொன்மையானது என்ற கருத்துப்பட அதற்குப் புரோட்டோபியஸ் என்றும் பெயர் கொடுத்தார். 1928 முதல் 1933 வரை அமெரிக்காவின் ஏல் சர்வகலாசாலையில் அவர் வகித்த ஆசிரியப் பதவியும் அப்பெயரையே தாங்கி நின்றது.

எதிரே நின்றவரும் எளியவரல்லர். நோபெல் பரிசு பெற்ற ஜூல் போர்தே என்னும் பெல்ஜிய அறிஞர், பேஜ் என்பது தனி உயிரே அன்று, பாக்டீரியா தன்னுள்ளேயே சுரந்து தன்னைக் கரைக்கும் ஒரு பொருள் என்று வாதித்தார். இப்பூசலில் ஒருவர் சொல்லை மற்றவர் சிறிதும் ஏற்றாரில்லை. 1930-ஐ அடுத்த ஆண்டுகளில் பர்னெட் என்னும் ஆஸ்திரேலிய அறிஞர் பேஜ்கள் தம்முட் பலவாக வேறுபடுகின்றன என்று காட்டியபோதும் டெரேல் அசைந்தாரில்லை. 1940-ஐ ஒட்டி எலெக்ட்ரான் நுண்நோக்கி பேஜின் உருவத்தைப் படமாக்கிற்று. தலையும் வாலுமாகத் தோன்றிய அவ்வுருவங்கள், பேஜ் தனிப் பொருளே என்ற டெரேலின் கூற்றை நிலைநாட்டின. ஆயினும் பாக்டீரியாவினுள் பேஜ் ஒடுங்கிக் கிடந்து தலைமுறை தலைமுறையாக வருவதுண்டு என்பதையும், போர்தே கண்டது அந்நிகழ்ச்சியே என்பதையும், லுவோப் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1950-ல் விளக்கினார். இருவரும் பாதி உண்மையைக் கைக்கொண்டு மறுபாதியோடு பொருதனர் என்பதை அப்போதுதான் உலகம் உணர்ந்தது.

அதற்குள் டெரேல் மறைந்துவிட்டார். அவருடைய இறுதிப் பகுதி துயர் நிறைந்தது. ஜார்ஜியா தேசத்தைச் சேர்ந்த எலியாவா என்னும் நண்பர் திபிலிசி நகரில் நிறுவிய நிலையத்தில், 1933-க்கும் 1935-க்கும் இடையே அவர் பணி செய்தார். அங்கேயே தங்கி வாழவும் எண்ணினார். ஆனால் 1937-ல் எலியாவா சோவியத் அரசினராற் கைதுசெய்யப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். டெரேல் மீண்டும் அந்நாட்டை மிதித்தாரில்லை. இரண்டாம் உலக யுத்தகாலத்தில் ஜெர்மானியர் அவரை விஷி நகரிற் காவலில் வைத்தனர். 1949-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 22-ந் தேதி பாரிஸ் நகரில் அவர் உயிர் நீத்தார். நோபெல் பரிசுக்குப் பன்முறை அவர் பெயர் முன்மொழியப்பட்டும், அது அவர் கைக்கு எட்டவில்லை. பெனிசிலின் முதலிய மருந்துகளின் புகழில் அவர் மருந்தும் பெரும்பாலான நாடுகளில் மறக்கப்பட்டது. திபிலிசி நிலையம் அதனைக் கைவிடாது போற்றி வந்தது.

சுவடிகளை ஒப்புநோக்கியது

பழைய நூல்களைப் பதிப்பிப்போர் பல ஏட்டுச் சுவடிகளை அருகருகே வைத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாடபேதம் காண்பர். எந்தச் சுவடி எதனைப் பார்த்து எழுதப்பட்டது, எங்கே இடைச்செருகல் நுழைந்தது என்பன அவ்வொப்புமையால் விளங்கும். உயிர்களுக்கும் அத்தகைய சுவடி ஒன்றுண்டு. பரம்பரைக் குறிப்பு முழுவதையும் தாங்கிய மரபணுத்தொகுதியே அது. நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்டது. பேஜின் சுவடி டி.என்.ஏ. என்னும் பொருளே என்பதை ஹெர்ஷி, சேஸ் என்னும் இருவர் 1952-ல் தெளிவாகக் காட்டினர். சில பேஜ்களில் அதன் இனமான ஆர்.என்.ஏ. உண்டு. உலகில் முதன்முதல் முற்றும் படிக்கப்பட்ட மரபணுத்தொகுதிகளும் பேஜ்களுடையனவே. எம்.எஸ்.2 என்னும் பேஜின் 3,569 எழுத்துக்களை 1976-ல் வால்டர் பியர்ஸ் குழுவினரும், பை-எக்ஸ் 174 என்னும் பேஜின் தொகுதியை 1977-ல் சாங்கர் குழுவினரும் படித்து முடித்தனர். பின்னது 5,386 எழுத்துக்களை உடையது. 1982-ல் லாம்டா என்னும் பேஜின் 48,502 எழுத்துக்களும் வெளிவந்தன. டி-4 என்னும் பேஜின் சுவடியோ 1,68,903 எழுத்துக்கள் கொண்டது. இந்நான்கும் ஈ. கோலை என்னும் ஒரே பாக்டீரியாவைத் தாக்குவன. இவற்றை ஓரினம் என்று கூறுதல் இனி இயலாதாயிற்று.

எழுத்துக்களைப் படிக்கும் முறை வருவதற்கு முன்னரே மற்றோர் ஒப்புமையும் நிகழ்ந்தது. இரண்டு பேஜ்களின் டி.என்.ஏ. இழைகளைத் தனித்தனியே பிரித்து, ஒன்றன் இழையை மற்றொன்றன் இழையோடு சேரவிட்டு, எலெக்ட்ரான் நுண்நோக்கியாற் பார்த்தனர். ஒத்த பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒவ்வாத பகுதிகள் ஒட்டாது கண்ணிபோல் விரிந்து நின்றன. ஒற்றுமையும் வேற்றுமையும் இவ்வாறு பட்டை பட்டையாக மாறி மாறி வந்தது அறிஞர்களை வியப்பில் ஆழ்த்திற்று. நீண்ட வாலுடைய லாம்டாவும், குறுகிய வாலுடன் சால்மொனெல்லா என்னும் வேறொரு பாக்டீரியாவைத் தாக்கும் பி-22 என்னும் பேஜும், உருவத்தில் வேறாயினும் மரபணுக்களை ஒரே ஒழுங்கில் வைத்திருக்கக் கண்டனர். இவற்றையெல்லாம் ஆராய்ந்த டேவிட் பாட்ஸ்டீன் என்பார் 1980-ம் ஆண்டில் ஒரு கொள்கை வெளியிட்டார். பேஜ் என்பது ஒரே ஆசிரியர் இயற்றிய நூல்போல்வதன்று. பல நூல்களினின்றும் பகுதி பகுதியாக எடுத்துக் கோத்த திரட்டுப் போல்வது என்பதே அதன் கருத்து.

கல்லூரி மாணவர் அறியத்தக்க செய்தி ஒன்று இவ்விடத்துண்டு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் சர்வகலாசாலையைச் சேர்ந்த கிரஹாம் ஹாட்புல் முதலியோர் வழிகாட்ட, பல கல்லூரிகளின் இளமாணவர்கள் மண்ணிலிருந்து பேஜ்களைப் பிரித்தெடுத்து அவற்றின் சுவடிகளைப் படித்து வந்தனர். காசநோய்க் கிருமியின் உறவான ஒரே பாக்டீரியாவைத் தாக்கும் 627 பேஜ்களின் தொகுதிகள் 2015-ம் ஆண்டில் ஒருங்கே ஒப்பிடப்பட்டன. அவை பல கூட்டங்களாகப் பிரிந்து நின்றன. எக்கூட்டத்தோடும் சேராது தனித்து நின்றவையும் இருந்தன. ஆயினும் கூட்டங்களுக்கிடையே மரபணுக்கள் கொடுத்தும் கொண்டும் வந்ததால், எல்லைகள் கூர்மையாக அமையவில்லை. இவ்வாறான ஆராய்ச்சிகளின் பயனாக, வாலின் வடிவத்தைக் கொண்டு வகுத்திருந்த பழைய மூன்று குடும்பங்களையும் சர்வதேச வைரஸ் வகைப்பாட்டுக் குழுவினர் 2022-ல் நீக்கி, மரபணுத்தொகுதியின் உறவையே அடிப்படையாகக் கொண்டனர்.

டெரேல் ஒன்றென்றார், ஒப்புமை பலவென்று காட்டிற்று. எனினும் அப்பல தம்முள் உறவற்றவையும் அல்ல. தொலைவிலுள்ளவையும் ஒரு பொதுக் களஞ்சியத்தினின்றும் மரபணுக்களைப் பங்கிட்டுக்கொள்ளுகின்றன என்று ஹெண்ட்ரிக்ஸ் முதலியோர் 1999-ல் எடுத்துரைத்தனர்.

ஒப்புமையின் பயன்

இவ்வொப்புமை வெறும் அறிவு விநோதமன்று. உயிரைக் காக்கும் செய்தியும் ஆகும். வாந்திபேதியைத் தீர்க்கப் பேஜைக் கொண்டுசென்றார் டெரேல். அக்கிருமியின் கொடிய நஞ்சுக்குரிய மரபணுவோ பாக்டீரியாவுக்குச் சொந்தமானதன்று, அதனுள் ஒடுங்கிக் கிடக்கும் ஒரு பேஜ் கொண்டுவந்து சேர்த்தது என்று வால்டார், மெகலனாஸ் என்னும் இருவர் 1996-ல் கண்டனர். நோயைத் தீர்ப்பதும் பேஜ். நோய்க்கு நஞ்சு கொடுப்பதும் பேஜ். பேஜ் யாவும் ஒன்றே என்று நம்பி மருந்து கொடுப்பவன், இவ்விரண்டையும் வேறுபிரித்து அறியும் கண்ணை இழந்தவனாவான். சுவடியைப் படித்தே நன்மை செய்வதைத் தேர்ந்துகொள்ளல் வேண்டும்.

அவ்வாறு தேர்ந்ததனால் விளைந்த நன்மைக்கும் சான்றுண்டு. நுரையீரல் மாற்றப்பட்ட பின்னர், எம்மருந்துக்கும் அடங்காத மைக்கோபாக்டீரியா உடலெங்கும் பரவிய 15 வயதுச் சிறுமி ஒருத்திக்கு, இலண்டன் மருத்துவர்கள் மூன்று பேஜ்களைக் கலந்து செலுத்தினர். இச்செய்தி 2019-ல் வெளியாயிற்று. அம்மூன்றனுள் ஒன்று, தென் ஆப்பிரிக்காவின் டர்பன் நகரில் அழுகிய கத்தரிக்காயொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. மற்ற இரண்டும் பாக்டீரியாவைக் கொல்லாது அதனுள் ஒடுங்கும் இயல்புடையவை. ஒடுங்கச் செய்யும் மரபணு இன்னதென்று சுவடிகளால் அறிந்திருந்தமையின், அதனை மட்டும் நீக்கி அவற்றைக் கொல்லும் பேஜ்களாக மாற்றினர். சிறுமியின் புண்கள் ஆறத் தொடங்கின, உடல் தேறிற்று. டெரேல் கனவு கண்ட மருத்துவம், அவர் மறுத்த வேற்றுமையை அறிந்த பின்னரே இவ்வாறு கைகூடியது.

முடிவுரை

டெரேலின் வாழ்க்கையினின்றும் நாம் கொள்ளத்தக்கன இரண்டு. பட்டமும் பதவியும் இல்லையென்று அறிவுத்தேட்டத்திற் பின்வாங்கலாகாது என்பது ஒன்று; வெறும் புள்ளியொன்றை உற்று நோக்கியே அவர் ஒரு புதிய உலகின் கதவைத் திறந்தார். கண்ட உண்மையின்மேல் கொண்ட பற்று, காணாத உண்மைக்குத் திரையாகிவிடலாகாது என்பது மற்றொன்று. பல பேஜ்களைத் தம் கையாலேயே பிரித்தெடுத்தவர், அவை பல என்பதை மட்டும் ஏற்க மறுத்தார். அவருடைய பிழையைத் திருத்தியவர்கள் அவரைத் தாழ்த்தினாரல்லர். அவர் வகுத்த முறையால் புள்ளிகளை எண்ணி, அவர் இட்ட பெயராலேயே அவ்வைரஸ்களை வழங்கி, அவர் விட்ட இடத்திலிருந்து மேற்சென்றனர். ஆசிரியரின் தவற்றைத் திருத்தி அவர் தொடங்கிய பணியை முடித்துவைப்பதினும் சிறந்த காணிக்கை மாணாக்கர்க்கு வேறில்லை என்பது நம் துணிபு.